டமாஸ்கஸ் கத்தியில் கோடு எழுப்புவது: எட்சிங் முதல் கடைசி மெருகு வரை

இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி ஒட்டவைத்து, மடித்து மடித்து அடித்து எடுத்த கத்தி, சாணை பிடித்து முடிக்கும்போது பார்க்கச் சாதாரண வெள்ளைக் கத்திதான். உள்ளே இருநூறு அடுக்கு இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அடுக்குகளை வெளியே கொண்டுவரும் வேலைக்குத்தான் எட்சிங் என்று பெயர்.

அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால் கோடு வந்துவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். வரும்தான். ஆனால் சாம்பல் நிறத்தில், துவைக்காத துணி மாதிரி மங்கலாக வரும். பளிச்சென்ற வெள்ளைக்கோடும் கரும் பள்ளமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கத்தி வேண்டுமென்றால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளம், கறுப்பு, பளபளப்பு மூன்றும் தனித்தனி வேலைகள். பள்ளத்தை ஃபெரிக் குளோரைடு என்ற அந்த அரிக்கும் கரைசல் தோண்டும். கறுப்பைக் காபி ஏற்றும். பளபளப்பை எமரித் தாள் தரும். மூன்றையும் ஃபெரிக் குளோரைடு ஒன்றிடமே எதிர்பார்ப்பதால்தான் பலருக்கும் சாம்பல் கத்தி கிடைக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் 1084, 15என்20 என்ற இரண்டு எஃகு வகைகளின் ஜோடிக்கு. இன்று அதிகம் புழங்குவது இதுதான். 1084-இல் சுமார் 0.84 சதவீதம் கார்பனும் கொஞ்சம் மாங்கனீசும் உண்டு. கரைசல் அதை அரிக்கும், கறுக்கவும் செய்யும். 15என்20-இல் சுமார் 2 சதவீதம் நிக்கல். நிக்கல் அரிப்புக்கு அவ்வளவு எளிதில் மசியாது. அதனால் அந்த அடுக்கு வெள்ளையாகவே மேட்டில் நிற்கும். 1084-க்குப் பதில் 1095 எஃகு வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம். துருப்பிடிக்காத எஃகில் செய்த டமாஸ்கஸ் வேறு சமாச்சாரம். சுவீடனின் டமாஸ்டீல் போன்றவற்றுக்குச் சூடான, காரமான கரைசல் வேண்டும், காபியும் அவற்றில் பிடிக்காது. அதை இங்கே தொடவில்லை.

நம் ஊரில் டமாஸ்கஸ் என்றதும் வூட்ஸ் என்ற பழைய எஃகு நினைவுக்கு வரும், அதைச் செய்த ஊர்களான கொடுமணலும் மேல்சிறுவலூரும் பேச்சில் வரும். வூட்ஸ் மூசையில், அதாவது மண்குடுவையில், உருக்கி எடுத்த எஃகு. அதன் கோலம் எஃகுக்குள்ளே கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்பதால் வருவது, அடுக்கி ஒட்டியதால் அல்ல. அதற்கு மேலோட்டமான, மென்மையான எட்சிங்தான் சரி. கீழே சொல்லும் ஆழமான அரிப்பை வூட்ஸ் கத்தியில் செய்து பார்க்காதீர்கள்.

கத்தியைத் தயார் செய்வது

தோய்ச்சலும் (காய்ச்சிய கத்தியைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது) டெம்பரும் (பிறகு மிதமாகச் சூடாக்கி உடையாதபடி பதப்படுத்துவது) முடிந்த பிறகுதான் எட்சிங். தோய்க்காத எஃகில் இரண்டு அடுக்குக்கும் உள்ள நிற வேறுபாடு குறைவாக இருக்கும். இடையில் கோலத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு நிமிடம் முக்கிப் பார்ப்பது தப்பில்லை, ஆனால் அதை வைத்து முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

உலையில் சூடானபோது மேல்தோலில் கார்பன் எரிந்து போயிருக்கும். அந்தத் தோலை எடுக்காமல் எட்ச் செய்தால் கோலம் அங்கங்கே வெளிறி, திட்டுத்திட்டாக இருக்கும். தோய்ச்சலுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் 0.2, 0.3 மில்லிமீட்டராவது சாணையில் போக வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கு வைத்து, தோய்ச்சலுக்கு முன் கத்தியைக் கொஞ்சம் தடிமனாகவே விடுங்கள். வாய்ப்பக்கமும் அப்படித்தான். கூர் போடாமல் 0.4 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் விட்டு வையுங்கள். மெல்லிய வாயைக் கரைசல் இரண்டு பக்கமிருந்தும் தின்னும், கடைசியில் ரம்பம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது எமரித் தாள் வேலை. மொத்த நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். பெல்ட் சாணையின் கோடுகள் மறையும் வரை 220 நம்பர், பிறகு 400, 600, 800. தாளைக் கையில் சுருட்டிப் பிடித்துத் தேய்க்கக் கூடாது. தட்டையான இரும்புப் பட்டையிலோ கடினமான மரக்கட்டையிலோ சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் மென்மையான இடம் குழியும், விளிம்புகள் மழுங்கும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் கோணத்தை மாற்றுங்கள். 220-ஐக் குறுக்கே தேய்த்திருந்தால் 400-ஐ நீளவாக்கில். அப்போதுதான் முந்தைய நம்பரின் கீறல் ஒன்றிரண்டு மிச்சமிருந்தாலும் குறுக்கே நின்று காட்டிக்கொடுக்கும். 800-ஐ எப்போதும் பிடியிலிருந்து நுனி நோக்கி, ஒரே திசையில், முன்னும் பின்னும் அடிக்காமல் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்பும் இடத்தில் கொக்கி மாதிரி கீறல் விழும்.

தாளை நனைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். டபிள்யூடி-40 இன்னும் வசதி, ஆனால் பிறகு எண்ணெயைக் கழுவ ஒரு சுற்று அதிகம் உழைக்க வேண்டும். தாள் மழுங்கிய பிறகும் விடாமல் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் கஞ்சத்தனம். மழுங்கிய தாள் வெட்டாது, உலோகத்தைப் பூசி மட்டும் விடும்.

800-க்கு மேல் 1500 வரை போகலாமா? போகலாம், ஆனால் ஆழமான எட்சிங்குக்கு அது வீண் உழைப்பு. கரைசல் எப்படியும் மேற்பரப்பைத் தின்றுவிடும். ஆனால் ஆழமான கீறலைக் கரைசல் மறைக்காது, இன்னும் எடுப்பாகக் காட்டும். ஆகவே 800-இன் பளபளப்பைவிட 220-இன் கீறல் ஒன்றுகூட இல்லாததுதான் முக்கியம். ஜன்னல் பக்கம் போய் கத்தியைச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கி ஓடும்படி பாருங்கள். டியூப் லைட்டுக்கு நேர் கீழே எல்லாக் கத்தியும் நன்றாகத்தான் இருக்கும். முதுகையும் பிடியோடு சேரும் மூலையையும் மறக்காதீர்கள்.

கரைசல்

சர்க்யூட் போர்டு செய்பவர்கள் வாங்கும் அதே ஃபெரிக் குளோரைடுதான். சென்னையில் ரிச்சி தெருவில், மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் கிடைக்கும். புதியதாக வாங்குங்கள். யாரோ போர்டு செய்து மிச்சம் வைத்த கரைசலை இலவசமாகத் தருகிறார் என்று வாங்கிவராதீர்கள். அதில் செம்பு கரைந்திருக்கும், கத்தியை முக்கியதும் அந்தச் செம்பு எஃகின் மேல் இளஞ்சிவப்பாகப் படியும்.

40 சதவீதக் கரைசலாகக் கிடைத்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். தூளாகக் கிடைத்தால் இரண்டு வகை உண்டு. கருமையான உலர்ந்த தூள் என்றால் ஒரு லிட்டருக்குச் சுமார் 110 கிராம். மஞ்சள் கட்டி என்றால் அதிலேயே தண்ணீர் அடக்கம், ஆகவே சுமார் 190 கிராம். இரண்டும் ஏறக்குறைய அதே காரத்துக்கு வரும். இதைவிடக் காரமாகக் கலக்கினால் வேகமாக அரிக்கும், ஆனால் பரப்பு சொரசொரப்பாகிக் குழி விழும். மெதுவாக அரித்தால்தான் கோட்டின் ஓரம் கூராக வரும்.

கலக்கும்போது தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், அதுவும் சிறிது சிறிதாக. தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் சடாரென்று சூடேறித் தெறிக்கும். உலர்ந்த தூள் கரையும்போது மூக்கைத் துளைக்கும் அமிலப் புகையும் வரும். ஆகவே திறந்த வெளியில், கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். தரையில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். சிமென்ட் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தப் பழுப்புக் கறை உங்களை விட்டுப் போகாது. குழந்தைகள் எட்டும் இடத்தில் எதையும் வைக்காதீர்கள்.

பாத்திரத்துக்கு மூன்று இன்ச் பிவிசி பைப் 40 சென்டிமீட்டர் வெட்டி, அடியில் மூடி ஒட்டினால் போதும். ஒன்றரை லிட்டர் பிடிக்கும், சமையல் கத்தி நின்றவாக்கில் முழுகும். ஒட்டிய மூடி கசிகிறதா என்று முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். சாயாமல் இருக்க ஒரு வாளிக்குள் நிறுத்துங்கள். எவர்சில்வரோ அலுமினியமோ இந்தப் பக்கமே வரக்கூடாது, இரண்டையும் கரைசல் அரித்துவிடும். கத்தியைத் தொங்கவிடவும் கம்பி வேண்டாம். பிடிப்பகுதியின் ஓட்டையில் தூண்டில் நரம்பைக் கோத்து, மேலே ஒரு குச்சியில் கட்டுங்கள்.

பக்கத்தில் இன்னொரு வாளியில் தண்ணீரும் இரண்டு கைப்பிடி ஆப்பசோடாவும் தயாராக இருக்கட்டும்.

எண்ணெய்ப் பசை

இந்த இடத்தில் அவசரப்பட்டால் மேலே செய்த எல்லா உழைப்பும் போச்சு. கத்தியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அசிட்டோனில் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணியில் கறுப்பு வராத வரை. மறுபடி சோப்பு. அதன் பின் கத்தியைப் பிடிப்பகுதியில் மட்டும், கையுறையோடு தொடுங்கள்.

இப்போது குழாய்த் தண்ணீரை மெதுவாக அதன் மேல் ஓடவிட்டுச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக, கண்ணாடி ஒட்டினதுபோல் முழுப் பரப்பிலும் நிற்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் படலம் விலகி, முத்து முத்தாகத் திரண்டால் அங்கே பசை இருக்கிறது. ஒரு விரல் ரேகை போதும், எட்சிங் முடிந்ததும் அது அப்படியே கோலத்தின் நடுவே வெள்ளையாகத் தெரியும். படலம் முழுதாக நிற்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். காயவிட வேண்டியதில்லை, ஈரத்தோடே கரைசலில் இறக்கலாம்.

அரிக்க வேண்டாத இடம் ஏதாவது இருந்தால், உதாரணமாக மடக்குக் கத்தியின் அச்சு உட்காரும் இடம், அங்கே நெயில் பாலிஷ் இரண்டு கோட் பூசிக் காயவிடுங்கள். ஆனால் அசிட்டோன் துடைப்பெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெயில் பாலிஷ் கரைந்து கத்தி முழுக்கப் பரவும்.

முக்கி எடுப்பது

நுனி கீழே இருக்கும்படி இறக்குங்கள். பத்து நிமிடம். நம் ஊர் வெயிலில் கரைசல் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் எட்டு நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள், குளிர்ந்த ஊரில் பன்னிரண்டும் ஆகலாம். இடையில் ஒன்றிரண்டு முறை மெல்ல ஆட்டிவிட்டால் பரப்பில் சேரும் கரி விலகி அரிப்பு சீராகும்.

எடுத்துப் பார்க்கும்போது கத்தி முழுக்கக் கரி பூசினமாதிரி இருக்கும். பதற வேண்டாம். தண்ணீரில் கழுவி, 1500 நம்பர் தாளைக் கட்டையில் வைத்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் கீழே கோலம் தெரியும். அந்தக் கரியை ஒவ்வொரு சுற்றிலும் எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே தொடர்ந்து அரிக்கவிட்டால் கரைசல் சீராக உள்ளே போகாது. மறுபடி சோப்பு போட்டுக் கழுவி அடுத்த பத்து நிமிடம்.

எத்தனை சுற்று? விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். கோட்டுக்குக் கோடு நகம் லேசாகத் தட்டுப்பட்டால் காபிக்குத் தேவையான ஆழம் வந்துவிட்டது. புதுக் கரைசலில் நாலைந்து சுற்றில் பெரும்பாலும் வந்துவிடும்.

அடுக்கின் எண்ணிக்கையும் இதில் முக்கியம். 1973-இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் வில்லியம் மோரன் இந்தக் கலையைக் கண்காட்சியில் வைத்து மறுபடி பிரபலமாக்கினார், 1976-இல் அவர் முன்னின்று தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் மாஸ்டர் ஸ்மித் தேர்வுக்குக் குறைந்தது 300 அடுக்கு வேண்டும். 4 மில்லிமீட்டர் கனத்தில் 300 அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் 0.013 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய அடுக்கை ஆழமாக அரித்தால் மேட்டின் ஓரங்களும் சேர்ந்து கரைந்து, கோலம் கலங்கிப்போகும். அதற்கு இரண்டு சுற்று போதும். நகத்தில் தட்டும் அளவுக்கு ஆழம் வேண்டுமென்றால் எழுபது, எண்பது அடுக்குதான் அழகு. என் கண்ணுக்குச் சமையல் கத்தியில் குறைந்த அடுக்கும் தைரியமான கோடும்தான் பிடித்திருக்கிறது. தேர்வு எழுதப்போகாதவர்கள் அடுக்கை எண்ணிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் சோடா வாளியில் பத்து நிமிடம் முழுகட்டும். முதலில் நுரைக்கும், நுரை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள். கோட்டுப் பள்ளங்களில் ஒளிந்திருக்கும் கரைசல் முழுக்க முறிய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து ஆரஞ்சுத் துரு அங்கிருந்து கசியும்.

காபி

இப்போது கத்தியில் பள்ளம் இருக்கிறது, ஆனால் நிறம் சாம்பல்தான். கட்டையில் வைத்த 2000 நம்பர் தாளால் மேட்டை மட்டும் நாலு இழுப்பு இழுத்து, மறுபடியும் சோப்பு, அசிட்டோன், தண்ணீர்ப் படலச் சோதனை எல்லாம் செய்யுங்கள். எண்ணெய் போடாதீர்கள்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 80 முதல் 100 கிராம் இன்ஸ்டன்ட் காபித்தூள். சிக்கரி கலக்காததாக, இருப்பதிலேயே மலிவானதாக வாங்குங்கள். வாசனைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நன்றாக ஆறிய பிறகு இன்னொரு பிவிசி குழாயில் ஊற்றிக் கத்தியைத் தொங்கவிடுங்கள், சுவரில் எங்கும் படக்கூடாது, பட்ட இடம் வெளிறி நிற்கும். இறக்கியதும் ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் போய்விடும். அதன் பிறகு கலக்காமல், ஆட்டாமல் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப்போவது வசதி.

காபியில் உள்ள மென்மையான அமிலங்கள் 1084 அடுக்கின் மேல் மெல்லிய கறுப்புப் படலத்தை உண்டாக்கும். நிக்கல் உள்ள அடுக்கை அவ்வளவாகத் தொடாது. எடுக்கும்போது அந்தக் கறுப்பு இன்னும் ஈரமாக, இளசாக இருக்கும். விரலால் தேய்த்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், தேய்த்தால் விரலோடு வந்துவிடும். மெல்லிய தண்ணீர் ஓட்டத்தில் காட்டிக் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்து, உடனே மினரல் ஆயில் பூசி ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் படலம் இறுகியிருக்கும்.

போதுமான கறுப்பு வரவில்லையென்றால் பசையைப் போக்கி மறுபடி ஓர் இரவு போடலாம். அதே காபி சில நாட்களுக்கு உழைக்கும். பூஞ்சை பிடித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மேட்டின் பளபளப்பு

3000 நம்பர் தாளைத் தட்டையான, கடினமான கட்டையில் ஒட்டி, ஒரு சொட்டு எண்ணெயோடு நீளவாக்கில் மெல்ல இழுங்கள். கட்டை கடினமாக இருப்பதால் தாள் மேட்டில் மட்டும் படும், பள்ளத்தின் கறுப்பு அப்படியே நிற்கும். ஐந்தாறு இழுப்பில் வெள்ளைக்கோடுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்வதைப் பார்க்கலாம். பஃபிங் மெஷினில் கொண்டுபோய் வைக்காதீர்கள், துணிச்சக்கரம் பள்ளத்துக்குள்ளும் புகுந்து கறுப்பைத் துடைத்துவிடும்.

இதன் பிறகுதான் பிடி மாட்டுவது. கத்தி முழுவதும் மெல்லிய காகித டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பிடியை ஒட்டும் எபாக்ஸி வழிந்தால் காய்வதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு சுரண்டினால் கறுப்பும் போகும். கூர் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கல்லில் தீட்டியதும் வாயோரம் ஒரு வெள்ளை விளிம்பு தெரியும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். எட்ச் ஆகாத புது எஃகு வாயில் இருந்தால்தான் கூர் நிற்கும்.

சரியாக வராதபோது

கோலமே மங்கலாக, இரண்டு நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தால் தோய்ச்சல் சரியாக ஏறவில்லை, அல்லது கார்பன் எரிந்த மேல்தோல் இன்னும் இருக்கிறது. கரைசலை மாற்றுவதில் பயனில்லை, சாணைக்குத் திரும்ப வேண்டும். கரைசல் பச்சை கலந்து, பத்து நிமிடத்துக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தால் அது தீர்ந்துபோயிற்று.

அடுக்குக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, கழுவக் கழுவ அங்கிருந்தே துரு வந்தால் அது ஒட்டு விட்ட இடம். உலையில் சரியாகப் பிடிக்காதது இப்போது வெளியே வந்திருக்கிறது. எட்சிங்கால் அதை மூட முடியாது. வாயோரமாக இருந்தால் அந்தக் கத்தியை விற்காதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. சாதாரண எஃகின் மேல் லேசரில் கோலம் போட்டு டமாஸ்கஸ் என்று விற்கும் கத்திகள் ஏராளம். முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்காக இருந்தால் பக்கத்தில் ஓடும் கோடு முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கும்.

சமையலறையில் புளி, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் இந்தக் கறுப்பை மெல்ல மெல்லத் தின்னும். அவற்றை வெட்டினால் உடனே கழுவித் துடையுங்கள், கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். சமையலுக்கு உகந்த மினரல் ஆயில் பூசலாம், நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். மங்கினால் பள்ளம் ஏற்கெனவே இருப்பதால் ஃபெரிக் குளோரைடு மறுபடி தேவையில்லை. பிடி நனையாதபடி காபியில் ஓர் இரவு, அப்புறம் 3000 நம்பர் தாள்.

கரைசலை ஒழிப்பது

தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. குழாயில் உலோகம் இருந்தால் அதை அரிக்கும், தண்ணீரும் கெடும். அகலமான பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவைச் சோடாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். நிறைய நுரைக்கும், ஆகவே வாளி பாதிக்கு மேல் நிறையக் கூடாது. நுரைப்பது நின்றதும் ஓரிரு நாள் விட்டால் பழுப்புச் சேறு அடியில் தங்கும். கத்தியிலிருந்து கரைந்த நிக்கல் அதில் இருப்பதால் செடிக்கோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். வெயிலில் உலர்த்தி, கெட்டியான பையில் கட்டி, பெயின்ட், பேட்டரி போன்ற அபாயக் கழிவுகளைத் தனியாக வாங்குபவர்களிடம் கொடுங்கள். இன்னும் வேலை செய்யும் கரைசலை பிளாஸ்டிக் மூடி போட்ட பாட்டிலில், பெயரும் தேதியும் பெரிதாக எழுதி, உங்கள் கருவிகளுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். அதன் ஆவி போதும், அதே அலமாரியில் இருக்கும் அரங்களும் சுத்தியலும் துருப்பிடித்துவிடும்.